மூன்றடிப் பிளான், ஆறடிக் குழி

1

ஊரிலிருந்து யார் கடிதம் எழுதினாலும் இரண்டு கேள்விகள் கட்டாயம் இருக்கும். சிங்கம் பார்த்தீர்களா? சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள்? சிங்கத்தை இந்த ஏழு வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். அது மரத்தடியில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது, மத்தியானச் சாப்பாடு முடித்த பண்ணையார் மாதிரி. சாப்பாட்டுக்கும் குறைவில்லை. குஜராத்திக்காரர் கடையில் அரிசி, பருப்பு, புளி எல்லாம் கிடைக்கிறது. மிளகாய் வற்றல் மட்டும் என் மனைவி பாக்கியத்துக்குப் பிடிக்கவில்லை. விளாத்திகுளத்தில் பிறந்தவளுக்கு உலகத்தில் வேறெந்த மிளகாயும் மிளகாயாகத் தெரியாது. வரும்போது சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்த விதையைப் பின்கட்டில் ஊன்றி வைத்திருக்கிறாள்.

அது இங்கே நன்றாகவே காய்க்கிறது. காரணம் மண். கென்யாவின் மேற்கே, பெரிய ஏரிக்குப் பக்கத்தில் நாங்கள் இருக்கிற சமவெளி முழுக்கக் கரிசல். வந்த முதல் வாரம் லாரியில் வேலைக்குப் போகும்போது அதைப் பார்த்துவிட்டு, டிரைவரை நிறுத்தச் சொல்லி இறங்கி, ஒரு கட்டியை எடுத்து உடைத்துப் பார்த்தேன். கோவில்பட்டிப் பக்கத்துப் பசுவந்தனை ரோட்டில் நிற்கிற மாதிரி இருந்தது. நான் எதையோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்து டிரைவரும் குனிந்து தேடினான். ஒரே வித்தியாசம், பருவம் தலைகீழ். நம் பக்கம் சித்திரையில் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போது இங்கே மழை கொட்டும். இங்கே நிலம் வெடிப்பது தையிலும் மாசியிலும்.

போன மாதம் நாங்கள் இங்கே வந்து ஏழு வருஷம் முடிந்தது. பாக்கியம் பாயசம் வைத்தாள். அதே நாளில்தான் ஆபீசில் என் கைக்கு ஒரு மைப்பெட்டி வந்தது. கைநாட்டு வாங்குகிற சின்னத் தகரப் பெட்டி. ஊர்ப் பத்திரிகைக்கு நான் எழுதுகிற இந்தக் குறிப்பு அந்தப் பெட்டியைப் பற்றியது. பாயசத்தை அன்றைக்கு நான் தொடவில்லை.

2

ஊரில் செய்த வேலையைத்தான் இங்கேயும் செய்கிறேன். அங்கே ஓவர்சியர் என்றார்கள். இங்கே வேறு பெயர், சம்பளம் கூடுதல், காகிதம் அதைவிடக் கூடுதல். ஒரு கல் இடம் மாறினாலும் மூன்று பிரதி எழுத வேண்டும். வந்த புதிதில் ஒரு பாரத்தில் 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் அப்பா பெயரை எழுதினேன். அன்றிலிருந்து நான் மிஸ்டர் பெருமாள். சாத்தூரைத் தாண்டிப் போகாத என் அப்பா, ஏழு வருஷமாக ஆப்பிரிக்காவில் கலவை சரியில்லை என்று திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார்.

பேச்சும் அப்படித்தான். ஸ்வாஹிலியில் சூட்டுக்கு 'மோட்டோ', குழந்தைக்கு 'ம்டோட்டோ'. முதல் மாதம் பாக்கியம் வேலைக்கு வந்த அம்மாளிடம் தினமும் குளிக்கக் 'குழந்தைத் தண்ணீர்' கேட்டாள். அந்த அம்மாளும் தினமும் எங்கள் மகள் மல்லிகாவைக் குளிப்பாட்டிக் கொண்டுவந்து நிறுத்தினாள். அந்த மல்லிகாவுக்கு இப்போது பத்து வயது. ஸ்வாஹிலியில் சண்டை போடுகிறாள், இங்கிலீஷில் கணக்குப் போடுகிறாள், தமிழை எழுத்துக் கூட்டி வாசிக்கிறாள்.

இங்கே கைத்தொழில்காரரை 'ஃபுண்டி' என்பார்கள். கொத்தனாருக்கும் அதே பெயர்தான். என்னிடம் வேலை செய்கிற ஃபுண்டி ஒதியாம்போ, முப்பத்தைந்து வயதிருக்கும், எழுதப் படிக்கத் தெரியாது. அவர் எழுப்பிய சுவருக்கு நூல் பிடித்துப் பார்க்க வேண்டியதில்லை. ஆனாலும் பிடித்துப் பார்ப்பார், நான் நிற்கிறேன் என்கிற மரியாதைக்காக.

ஏரிக்கரைக் கிராமம் ஒன்றில் சின்ன மருந்தகம் கட்ட வானம் தோண்டியாகிவிட்டது. அஸ்திவாரக் குழியை வானம் என்பது நம் பக்கத்து வழக்கம், மற்றவர்கள் அண்ணாந்து பார்க்க வேண்டாம். அந்தச் சமயம் பார்த்து எனக்குக் குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கத் தலைநகரம் போக வேண்டி வந்தது. ஒரு ஜன்னலில் நின்றால் அடுத்த ஜன்னலுக்குப் போகச் சொல்வார்கள். அங்கே போனால், போன வருஷத்துச் சீட்டைக் கேட்பார்கள். மூன்று நாள் வேலை ஆறு நாள் ஆனது. புறப்படும்போது ஒதியாம்போவிடம் என் ஓட்டை ஸ்வாஹிலியில் சொல்லிவிட்டுப் போனேன்: "ஃபுண்டி, மழை வரப்போகிறது. சந்தேகம் வந்தால் உன் கண்ணுக்குச் சரியென்று பட்டதைச் செய்."

சந்தேகம் வந்தது. ஒரு மூலையில் கடப்பாரை போட்டபோது சத்தம் வேறு மாதிரி கேட்டிருக்கிறது. அடியில் பழைய கறையான் புற்று. மேலே தரைமட்டமாகிவிட்டாலும் உள்ளே பொந்து பொந்தாக ஓடியிருந்தது. பிளானில் உள்ள ஆழத்தோடு நிறுத்தினால் அந்த மூலை ஒருநாள் உட்கார்ந்துவிடும். மேகம் இறங்கி நிற்கிறது. திறந்த குழியில் மழை விழுந்தால் கரிசல் கூழாகிவிடும். கேட்க நான் இல்லை, எஞ்சினியர் நாற்பது மைலுக்கு அப்பால். ஒதியாம்போ அந்த மூலையை மட்டும் நாலடி கூடுதலாக இறக்கி, கெட்டி மண் வந்தபிறகு கல்லும் கலவையும் போட்டு மட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்.

எஞ்சினியர் ஓர் இளம் ஆங்கிலேயர். இந்த நாட்டில் கொடி மாறிவிட்டாலும் அவரைப் போலச் சிலர் ஒப்பந்தத்தில் தங்கியிருக்கிறார்கள். கெட்டவர் இல்லை. நான் திரும்பி வந்த அன்று கூப்பிட்டு, ஒரு பாரத்தையும் மைப்பெட்டியையும் மேஜைமேல் வைத்தார். பிளானை மீறிச் செய்த வேலைக்கு வேலையாள் கொடுக்கும் வாக்குமூலம். கட்டங்களை அவரே நிரப்பியிருந்தார். யார் உத்தரவின்பேரில்? 'யாருமில்லை. தன்னிச்சையாக.' அதில் ஒதியாம்போவின் கைநாட்டு விழுந்தால் வேலை போய்விடும். இலாகாவின் வேறெந்த வேலையிலும் அவரைச் சேர்க்க மாட்டார்கள்.

"அவன் செய்தது சரியாகத்தான் இருக்கிறதென்று நினைக்கிறேன், சார்" என்றேன்.

"இருக்கலாம், மிஸ்டர் பெருமாள். ஆனால் எனக்கு எப்படித் தெரியும்? குழியை மூடிவிட்டான். போன வருஷம் இன்னொரு ஃபுண்டியும், 'எனக்குத் தெரியும்' என்று சொல்லித்தான் கலவையை மாற்றினான். படிக்கட்டு இடிந்து ஒரு பெண்ணுக்குக் கால் போயிற்று. கைக்குத் தெரியும் என்றால், இவன் கையை வெட்டி நான் ஃபைலில் வைக்க முடியுமா? நாளைக்கு அவனுக்கு வாசித்துக் காட்டிக் கைநாட்டு வாங்கி வாருங்கள்."

பெட்டியைப் பையில் போட்டேன். மூடியில் கசிந்திருந்த மை விரலில் ஒட்டிக்கொண்டு, சோப்புப் போட்டும் போகவில்லை. இதே மாதிரி ஒரு பெட்டியை நான் இதற்கு முன்னும் ஒரு தடவை தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன்.

3

அப்போது கோவில்பட்டியில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகவில்லை. வேலை நிரந்தரமாகவில்லை. பாக்கியத்தைக் கட்டிக் கூட்டிவந்து நாலு மாதம். பசுவந்தனைக்குப் போகிற வழியில் ஒரு கிராமத்தில் இரண்டு அறை உள்ள கட்டடம் ஒன்று எழுப்ப வேண்டும். எந்த ஊர், என்ன கட்டடம் என்று எழுதப்போவதில்லை. அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். பிளான் மெட்ராசிலிருந்து வந்தது. செம்மண்ணுக்கும் மணலுக்கும் கரிசலுக்கும் ஒரே பிளான். அஸ்திவாரம் மூன்றடி.

கொத்தனார் பெயர் சவரிமுத்து, எட்டயபுரம் பக்கத்துக்காரர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நான் அண்ணாச்சி என்பேன், அவர் ஓவர்சியரய்யா என்பார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போக வெள்ளைச் சட்டை, மற்ற ஆறு நாளும் சுண்ணாம்புச் சட்டை. வாய் கொஞ்சம் நீளம். கேலி செய்யாமல் ஒரு கல்லைக்கூட வைக்க மாட்டார்.

சித்திரை வெயிலில் நான் இடம் குறிக்கப் போனபோது, அவர் ஒரு வெடிப்பின் ஓரத்தில் குந்தி, தூக்குக்குண்டை நூலோடு உள்ளே விட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி, மீன் பிடிக்கீங்களா?"

"ஆமா. இங்கன கெடக்க மீனு ஒங்க பிளான்ல கெடையாது. இந்தா, நூலைப் பிடிங்க."

பிடித்தேன். இறங்கிக்கொண்டே போய் ஓர் இடத்தில் நூல் தளர்ந்தது. முடிச்சுகளை எண்ணிப் பார்த்தால் ஐந்தரை அடி.

"ஒரு வெடிப்பை நம்பப்படாது. கோணலா ஓடுனா ஏமாத்திப்புடும். ஒம்பது வெடிப்புல விட்டுப் பாத்துட்டேன். ஒரு குண்டைப் பூமாதேவி வாங்கியே வச்சிக்கிட்டா. ஆழம் அஞ்சரை. அதுக்குக் கீழதான் மண்ணு அசையாமக் கெடக்கு. ஆறடியில சுக்கான் தட்டும். அதுல உக்கார வச்சாத்தான் செவரு நிக்கும். மூணடியில வச்சா வெயிலுக்கு எறங்கும், மழைக்கு ஏறும். செவரு என்ன, ஊஞ்சலா?"

சுக்கான் என்பது கரிசலுக்கு அடியில் வருகிற சுண்ணாம்புக் கெட்டி. அவர் சொல்வது சரி என்று எனக்குத் தெரிந்தது. நானும் அந்த மண்ணில் பிறந்தவன்தானே.

"பிளான்ல மூணடின்னுதான் போட்டிருக்கு, அண்ணாச்சி."

"பிளான் போட்டவிய சித்திரையில இங்கன வந்து நின்னிருக்காவளா?"

நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "பாத்துச் செய்ங்க" என்றேன். அதிகாரத்தில் இருக்கிறவன் சொல்லக்கூடியதிலேயே கோழைத்தனமான வார்த்தை இதுதான். பின்னால் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பிக்கொள்ளலாம்.

அவர் ஆறடி தோண்டினார். சொன்ன இடத்தில் சுக்கான் தட்டியது. மறுநாள் கல் போட வேண்டும். அன்றைக்குப் பார்த்து, இரண்டு நாளில் எஞ்சினியர் பார்வையிட வருகிறார் என்று தபால் வந்தது. மூன்றடிக்கு ஆறடி ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தோம் என்றா? வேலை நிரந்தரமாகாதவன் சொல்கிற பதிலா அது? விடிந்ததும் சைக்கிளை மிதித்துப் போய் நின்றேன்.

"அண்ணாச்சி, மூணடிக்கு மூடிருங்க."

"எதை வச்சி மூட? மணலா?"

"மணலுக்கு எங்க போக? நாளைக்கு வாராங்க. தோண்டுன மண்ணையே போட்டுத் திமிசுக்கட்டையால இடிங்க."

சவரிமுத்து கையிலிருந்த கரணையைக் கீழே வைத்தார். முகத்தில் கேலி இல்லை.

"ஓவர்சியரய்யா, ஒண்ணு நான் சொன்னபடி விடுங்க. இல்ல, பிளான்ல உள்ளபடியே நாலடி தள்ளிப் புதுசா மூணடி தோண்டச் சொல்லுங்க, தோண்டுதேன். தோண்டி மூடுன கரிசல்மேல செவரு வைக்கது ரெண்டுங்கெட்டான். அது பிளானும் இல்ல, வேலையும் இல்ல."

"சொன்னதைச் செய்ங்க."

அவரிடம் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. சித்தாள்கள் எல்லாரும் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். அவர் செய்தார். மறுநாள் எஞ்சினியர் வந்தார், டேப்பை விட்டார், மூன்றடி இருந்தது, பதநீர் குடித்துவிட்டுப் போனார்.

பிளான்படி, தோண்டி மூடாத மண்ணில் மூன்றடி வைத்திருந்தால் சுவர் வெடித்திருக்கும், ஆனால் விழுந்திருக்காது என்று இப்போது நினைக்கிறேன். சவரிமுத்து சொன்னபடி விட்டிருந்தால் இன்றைக்கும் நின்றிருக்கும். நான் ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைத்தேன்.

4

முதல் ஐப்பசி மழையைக் கட்டடம் தாண்டிவிட்டது. அடுத்த ஐப்பசி மழையில் பின்சுவர் இறங்கி, ஜன்னலிலிருந்து உத்தரம்வரை பிளந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வெளிப்பக்கமாக விழுந்தது. உள்ளே ஆள் இல்லை. சுவரோரம் கட்டியிருந்த ஆடு ஒன்று செத்தது. வேறு கிழமையாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்க எனக்கு இன்றைக்கும் துணிவில்லை.

விசாரணைக்கு வந்தவர்கள் பக்கத்தில் தோண்டிப் பார்த்தார்கள். அஸ்திவாரத்துக்குக் கீழே மூன்றடி மண் பொலபொலவென்று இருந்தது. ஆறடி தோண்டி அதே மண்ணால் மூடியது யார் என்று கேட்டார்கள். கொத்தனார் தன்னிச்சையாகச் செய்திருக்கிறார், எனக்குத் தெரியாது என்றேன். எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது! அப்படியானால் அவரிடம் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு வா என்று ஒரு மைப்பெட்டியைக் கொடுத்தார்கள்.

வாக்குமூலத்தை இங்கிலீஷில் நானே எழுதினேன். சாட்சிக்குக் கிராம முன்சீப் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் இங்கிலீஷ் தெரியாது. சவரிமுத்து எதிரில் துண்டை இடுப்பில் கட்டி நின்றார். நான் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே தமிழில் வாசித்தேன். காகிதத்தில் இருந்தது: 'ஓவர்சியருக்குத் தெரியாமல் ஆறடி தோண்டினேன், அவர் உத்தரவில்லாமல் அதே மண்ணால் மூடினேன்.' நான் வாசித்தது: 'ஆறடி தோண்டினேன், அதே மண்ணால் மூடினேன்.'

அவர் காதைக் கூர்மையாக வைத்துக் கேட்டார்.

"மூடச் சொன்னது ஓவர்சியர்னு எழுதியிருக்குல்லா?"

"இருக்கு" என்றேன்.

பெருவிரலை மையில் ஒற்றி வைத்தார். வெறும் கறைதான் விழுந்தது. சுண்ணாம்பு தின்ற விரலில் ரேகை இல்லை. "தேஞ்சு போச்சுய்யா" என்று சிரித்துவிட்டு மறுபடி வைத்தார். அதுவும் சரியாக விழவில்லை. மூன்றாவது தடவை நானே அவர் விரலைப் பிடித்து உருட்டி அழுத்தினேன். நிறுத்திக்கொள்ள எனக்கு மூன்று தடவை இடம் கிடைத்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

அவருக்கு அதன்பிறகு இலாகா வேலை கிடையாது. சுவர் விழுந்த கொத்தனை ஊர்க்காரன் எவன் கூப்பிடுவான்? 'வெடிப்புக் கொத்தன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெயர் வைப்பதில் நம் ஊருக்குப் போட்டியில்லை. மாட்டுக்கொட்டகை கட்டக்கூட ஆள் கூப்பிடாமல், கடைசியில் தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்துக்குப் போய்விட்டார். உப்புத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பார்கள். தின்றவன் நான், உப்பளத்துக்குப் போனது அவர்.

போவதற்கு முதல்நாள் என் வீட்டுக்கு வந்தார். நான் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"நீங்க நல்லாத்தான் எழுதிக் குடுத்தீங்க. மேல உள்ளவிய மாத்திட்டாவ. மனசுல வச்சிக்கிடாதீங்க, ஓவர்சியரய்யா. போயிட்டு வாரேன்."

கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடை நான் வாங்கிக்கொண்டேன்.

என் வேலை நிரந்தரமானது. கொஞ்ச காலம் கழித்துப் பேப்பரில் விளம்பரம் பார்த்து இங்கே விண்ணப்பித்தேன். 'கரிசல் மண்ணில் கட்டட அனுபவம் உண்டு' என்று எழுதினேன். அதைப் பார்த்துத்தான் எடுத்தார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் என் மைத்துனர் விளாத்திகுளம் சந்தையில் சவரிமுத்துவைப் பார்த்ததாக எழுதியிருந்தார். உப்பளத்து வேலை கண்ணுக்கு ஒத்துக்கொள்ளாமல் திரும்பி வந்து, சந்தையில் மிளகாய் மூட்டை தூக்குகிறாராம். "ஓவர்சியரய்யா வெளிநாட்டுல சௌக்கியமா இருக்காவளா?" என்று விசாரித்தாராம். அந்தக் கடிதத்துக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை.

5

இந்த ஊர் மைப்பெட்டி கைக்கு வந்த அந்த நாள்வரை பாக்கியத்துக்கு இதில் எதுவும் தெரியாது. பாயசத்தை ஏன் தொடவில்லை என்று கேட்டுக்கொண்டே பின்கட்டில் மிளகாய் பறித்துக்கொண்டிருந்தாள். சாயங்கால வெயில் இன்னும் இருந்தது. ஒதியாம்போவில் ஆரம்பித்துச் சவரிமுத்துவில் வந்து முடித்தேன்.

"எந்தச் சவரிமுத்து? நமக்கு அடுப்புக் கட்டித் தந்தாவல்லா, அவியளா?"

நான் அதை மறந்தே போயிருந்தேன். நாங்கள் குடித்தனம் வைத்தபோது, புதுப்பெண்ணின் கண் புகையில் எரியக்கூடாது என்று அவராகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அடுப்பும் புகைக்கூண்டும் கட்டிக் கொடுத்தார்.

"அந்த அடுப்புலல்லா ஊரை விட்டு வாரவரைக்கும் ஒங்களுக்குப் பொங்கிப் போட்டேன்" என்றாள். பறித்த மிளகாயை மடியிலிருந்து கீழே தட்டினாள். "அவியளுக்கு இன்னும் தெரியாதா?"

"தெரியாது."

"தெரியாமலே ஒங்களைக் கும்பிட்டுட்டுப் போனாவளா?"

கேட்டுவிட்டு, தட்டிய மிளகாயைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மறுநாள் காலையில் காபித் தம்ளரை வைக்கும்போது, "இன்னைக்கி அந்த மனுசங்கிட்ட என்ன வாசிக்கப்போறீங்க?" என்றாள்.

இந்த இடத்தில், பிளான் முட்டாள்தனம், கொத்தன் கைதான் தெய்வம் என்று நான் எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். ஆனால் அப்படி எனக்குத் தோன்றவில்லை. கைக்குத் தெரியும் என்று சொல்லிக்கொண்டு சுவரைக் கோணலாக்கியவர்களை இரண்டு தேசத்திலும் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்ணின் கால் போனதும் அப்படித்தான். எல்லாக் கையையும் நம்ப முடியாது என்பதால்தான் பிளான் என்று ஒன்றைப் போட்டார்கள். சவரிமுத்துவே பிளானை மீறியே தீருவேன் என்று அடம்பிடிக்கவில்லை. பிளான்படி என்றால் பிளான்படி முழுசாகச் செய் என்றுதான் சொன்னார். அவர் தோண்டியதற்குக் காரணம் இருந்தது, ஒன்பது வெடிப்பில் நூல் விட்டுப் பார்த்த காரணம். அதை ஒரு காகிதத்தில் எழுதி மேலே அனுப்பியிருக்க வேண்டியவன் நான். எழுதத் தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். நான் எழுதியது வேறு.

இதெல்லாம் இப்போது புரிந்து என்ன பயன் என்று என்மேலேயே எரிச்சல் வருகிறது.

6

ஒதியாம்போ மருந்தகம் கட்டுகிற இடத்தில் கல் அடுக்கின்மேல் உட்கார்ந்திருந்தார். வேலை நிறுத்தப்பட்டிருந்தது. பாரத்தைப் பிரித்து, வரிக்கு வரி, தெரிந்த ஸ்வாஹிலியில் வாசித்தேன். 'யாருமில்லை. தன்னிச்சையாக' என்ற இடத்தில் நா கொஞ்சம் தட்டியது. அதையும் வாசித்தேன்.

அவர் கேட்டுவிட்டு, தான் மூடிய அந்த மூலையைப் பார்த்தார்.

"நீ புறப்படும்போது என்னிடம் ஒன்று சொன்னாயே, அது இதில் எங்கே இருக்கிறது?"

"இல்லை."

"அப்படியென்றால் இது என் பேச்சு இல்லை. இது யாருடைய பேச்சு?"

பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தேன். பக்கத்தில் எழுதினேன்: 'சந்தேகம் வந்தால் கண்ணுக்குச் சரியென்று பட்டதைச் செய்யும்படி மேற்பார்வையாளர் வாய்மொழியாக உத்தரவிட்டார். அந்த மூலையில் கறையான் புற்று இருந்தது. இருபக்கமும் தோண்டிச் சோதித்துக்கொள்ளலாம்.' கீழே என் பெயரை, அப்பா பெயரை இல்லை, என் பெயரைக் கையெழுத்துப் போட்டேன். முழுவதையும் இன்னொரு தடவை வாசித்துக் காட்டினேன். அதன்பிறகு ஒதியாம்போ விரலை வைத்தார். சிமெண்டு தின்ற விரல். ரேகை பாதிதான் விழுந்தது. நான் அந்த விரலைத் தொடவில்லை.

எஞ்சினியர் இரண்டு தடவை படித்தார்.

"உத்தரவை எழுத்தில் கொடுக்காதது உங்கள் தவறு. தெரியுமல்லவா?"

"தெரியும்."

"உங்கள் ஒப்பந்தம் இன்னும் இரண்டு மாதத்தில் முடிகிறது. இது அந்த ஃபைலில் போகும்."

"போகட்டும், சார்."

மூன்று பிரதிகளும் தலைநகரம் போயிருக்கின்றன. பதில் வரவில்லை. மூலையைத் தோண்டிப் பார்க்க வரப்போகிறார்களாம், அதுவரை ஒதியாம்போவுக்கும் வேலை இல்லை. அவர் பிழைப்பாரா, நான் பிழைப்பேனா, தெரியாது. என்னைத் தைரியசாலி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எனக்கு இங்கே வேலை போனால் திரும்பி வர ஊர் இருக்கிறது. சவரிமுத்துவுக்கு ஊரே போயிற்று. இந்தத் தடவை ஒழுங்காக வாசித்ததால் அந்தத் தடவை வாசித்தது நேராகிவிடாது.

7

இந்தக் குறிப்பை எழுதி வைத்திருந்த காகிதங்களை மல்லிகா எடுத்து, எழுத்துக் கூட்டி நாலாம் பகுதியை வாசித்துக்கொண்டிருந்தாள். பிடுங்க எழுந்தேன். பாக்கியம், "படிக்கட்டும், விடுங்க" என்றாள்.

"கைநாட்டுன்னா என்ன, டாடி?"

அவள் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் கையெழுத்துப் போடுகிறவர்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வைப்பது என்று சொல்லி, பேனா மையை அவள் பெருவிரலில் தடவி, ஒரு காகிதத்தில் ஒற்றிக் காட்டினேன். பளிச்சென்று விழுந்தது. அவள் அதிலுள்ள வளையங்களை எண்ணிப் பார்த்தாள்.

"எனக்கு நெறைய லைன் இருக்கு. அந்த அங்கிளுக்கு ஏன் இல்ல?"

"சுண்ணாம்பு வேலை செஞ்சு தேஞ்சு போச்சு."

கொஞ்ச நேரம் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாதுன்னா, நீங்க எழுதுனதை அவர் எப்படி டாடி படிப்பாரு?"

நான் அதை யோசிக்கவே இல்லை. மறுபடியும், அவரால் வாசிக்க முடியாத ஒரு காகிதத்தில் அவரைப் பற்றி எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆகவே விளாத்திகுளம் பக்கத்து வாசகர்கள் யாராவது எனக்கு ஓர் உதவி செய்ய வேண்டும். சந்தைக்குப் போனால் மிளகாய் மூட்டை தூக்குகிறவர்களிடம் சவரிமுத்து என்று கேளுங்கள். தெரியவில்லை என்றால் வெடிப்புக் கொத்தன் என்று கேளுங்கள், காட்டுவார்கள். ஆளைக் கண்டபிறகு அந்தப் பெயரைச் சொல்ல வேண்டாம். அவரை நிழலில் உட்காரவைத்து, நான் எழுதிய இந்த நாலாம் பகுதியை வாசித்துக் காட்டுங்கள். சுற்றி நிற்கிறவர்களும் கேட்கும்படி உரக்கவே வாசியுங்கள். நடுவில் அவர் ஒரு கேள்வி கேட்பார்: "மூடச் சொன்னது ஓவர்சியர்னு எழுதியிருக்குல்லா?"

இருக்கிறது என்று சொல்லுங்கள். இந்தத் தடவை இருக்கிறது.